நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குக் கொடுக்கக்கூடாத உணவுகள் என்று கைப்பேசிகளில் சுற்றிவரும் பட்டியல்களைப் படித்துவிட்டு, "மெக்கடேமியா கொட்டையை நாங்களே பார்த்ததில்லை, எங்கள் நாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியல்களில் வெங்காயமும் இருக்கிறது, திராட்சையும் இருக்கிறது. ஆனால் அந்த வெங்காயம் நம் வீட்டுச் சாம்பாரிலும் அந்தத் திராட்சை நம் வீட்டுக் கேசரியிலும் கிடக்கிறது என்பது நமக்கு உறைப்பதில்லை. ஆகவே, தமிழ்நாட்டு வீட்டுச் சமையலை முன்வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. இருபது ஆண்டுகளாக வீட்டில் நாய் வளர்க்கிறேன், அக்கம்பக்கத்து நாய்களையும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறேன். அளவு சொல்லும் இடங்களில் எல்லாம் நாயின் எடையை வைத்தே சொல்லியிருக்கிறேன். 4 கிலோ பொமரேனியனைப் படுக்கவைக்கும் அளவு 30 கிலோ லாப்ரடாரை ஒன்றும் செய்யாமல் போகலாம்.

சாம்பார் சோறு வைக்கலாமா? வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதாதா?

வைக்கக் கூடாது, பொறுக்கி எடுத்தாலும் போதாது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு ஆகிய எல்லாவற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் வெயிலில் காயவைத்தாலும் அவற்றின் வீரியம் போவதில்லை என்பதால், தாளிப்பு வடகமும் ஆபத்துதான், பிரியாணி மேல் தூவும் பொரித்த வெங்காயமும் ஆபத்துதான். குழம்பில் கொதித்த வெங்காயத்தின் சாறு குழம்பிலேயே இறங்கிவிடுகிறது. ஆகவே வெங்காயத் துண்டை மட்டும் எடுத்துப் போடுவதில் பயனில்லை.

நாயின் உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் ஒரே வேளையில் உள்ளே போனால் நச்சுத்தன்மை வெளிப்படுகிறது என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது நடுத்தர அளவுப் பெரிய வெங்காயத்தில் ஏறக்குறைய பாதி. 4 கிலோ பொமரேனியனுக்கு 20 கிராம், மூன்று நான்கு சின்ன வெங்காயம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் சேதம் உண்டு என்பதுதான் நம் வீடுகளில் முக்கியமானது, ஏனென்றால் நாம் வெங்காயத்தைத் தனியாக வைப்பதில்லை, தினமும் ஒரு கரண்டி குழம்பாக ஊற்றுகிறோம்.

எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது பார்த்துக்கொண்ட உறவினர், பிரியமாகத்தான், தினமும் இரண்டு வேளை வெங்காயச் சாம்பார் ஊற்றிச் சோறு பிசைந்து வைத்திருக்கிறார். திரும்பி வந்த அன்று மணி வாலை மட்டும் ஆட்டினான், எழுந்து வரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்; ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. மறுநாள் காலை வேலியோரம் பெய்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மருத்துவர் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகித்தார். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்நோக்கியில் பார்த்துவிட்டு என்னையும் அழைத்துக் காட்டினார்: சிவப்பணுக்களின் விளிம்பில் சிறு மொட்டு முளைத்ததுபோல் புடைப்புகள். பிறகுதான், "வெங்காயம் ஏதாவது தின்றதா?" என்று கேட்டார். மணி பிழைத்துக்கொண்டான்; ஈறு பழைய நிறத்துக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

காலங்காலமாக நம் ஊர் நாய்கள் குழம்புச் சோறு தின்றுதானே வளர்ந்தன?

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் கேட்கும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று கிராமத்து நாய்க்கு விழுந்தது பெரும்பாலும் கூழும் கஞ்சியும் வடித்த சோறும் மோரும்தான். குழம்பு வீட்டு மனிதர்களுக்கே அளவாக இருந்த காலம் அது. ஒரு நாய் சோர்ந்துபோய்ச் செத்தால் ஏன் செத்தது என்று யாரும் இரத்தம் எடுத்துப் பார்த்ததும் இல்லை. வெங்காயத்தால் வரும் சோகை உடனே தெரிவதும் இல்லை. தின்ற இரண்டு மூன்று நாள் கழித்து, சில சமயம் ஐந்தாறு நாள் கழித்துத்தான் நாய் துவளத் தொடங்கும், அதற்குள் என்ன தின்றது என்பது நமக்கே மறந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்குக் குறைவே இல்லை. உண்ணியால் பரவும் காய்ச்சல்களும் சிவப்பணுக்களைக் குறைக்கின்றன, அவற்றில் சில சிறுநீரையும் இதே கடுங்காப்பி நிறத்துக்குக் கொண்டுவருகின்றன. ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு வெங்காயக் குழம்பும் சேர்ந்தால் அது தாங்காது. இரண்டுக்கும் அடையாளங்கள் ஒன்றுபோல இருப்பதால், கடந்த ஒரு வாரத்தில் நாய் என்ன தின்றது என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பூண்டு உண்ணியை விரட்டும், பூச்சியைக் கொல்லும் என்கிறார்களே?

பூண்டு வெங்காயத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வீரியமானது. உண்ணிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் நாய்களுக்கென்றே மருந்துகள் கிடைக்கின்றன. எடை பார்த்து மருத்துவர் தருவதைக் கொடுங்கள், பூண்டை விட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டு திராட்சை தின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும், மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அமெரிக்காவில் விலங்கு நச்சு ஆலோசனை மையம் ஒன்றில் சேர்ந்த தகவல்களைக் கொண்டு மருத்துவர்கள் 2001-இல் இதை எழுத்தில் வெளியிட்டார்கள். அதற்கு முன் நாய்க்குத் திராட்சையை நல்ல தின்பண்டம் என்று கொடுத்தவர்களும் உண்டு. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 3 கிராம் உலர்திராட்சையிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஆனால் கைநிறையத் தின்று ஒன்றும் ஆகாத நாயும் உண்டு, கொஞ்சம் தின்று சிறுநீரகத்தை இழந்த நாயும் உண்டு. ஆகவே "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. விதையுள்ளதோ விதையில்லாததோ, பச்சையோ கறுப்போ, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையோ, எல்லாம் ஒன்றுதான்.

முதலில் வாந்தி வரும், பெரும்பாலும் அன்றைக்கே. பிறகு சாப்பிட மறுக்கும், சுருண்டு படுக்கும். சிறுநீர் குறைந்து நிற்கத் தொடங்கும்போது நிலைமை கைமீறிக்கொண்டிருக்கும். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் வாந்தி எடுக்கவைத்து வெளியேற்றிவிடலாம். அதற்குப் பிறகு என்றால் பெரும்பாலும் இரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் வீட்டில் திராட்சை பழமாக மட்டும் வருவதில்லை. பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், லட்டு, கேக் எல்லாவற்றிலும் நெய்யில் பொரித்தோ ஊறவைத்தோ கிடக்கிறது. உணவகத் தயிர்ச் சோற்றில்கூட மாதுளை முத்துக்களோடு திராட்சையைக் கலந்து தருகிறார்கள். "தயிர்ச் சோறுதானே" என்று பொட்டலத்தை அப்படியே பிரித்து நாய்த் தட்டில் கவிழ்த்துவிடக் கூடாது.

திராட்சைக்கும் புளிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். உண்மையா?

உண்மை. பெரும்பாலான பட்டியல்களில் காணாமல் போகும் செய்தி இதுதான், நமக்கு மிகவும் வேண்டிய செய்தியும் இதுதான். திராட்சையில் எந்தப் பொருள் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது இருபது ஆண்டுகள் வரை புதிராகவே இருந்தது. கேக் செய்யப் பயன்படும் டார்ட்டர் உப்பைத் தின்ற நாய்க்கும் புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே வகையான சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கவனித்த அமெரிக்க மருத்துவர்கள், இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பது டார்டாரிக் அமிலம் என்று 2021-இல் சுட்டிக்காட்டினார்கள். திராட்சைக்குத் திராட்சை நச்சுத்தன்மை ஏன் மாறுகிறது என்பதற்கும் இதில் விடை கிடைக்கிறது: இனத்தையும் கனிந்த பருவத்தையும் பொறுத்து அந்த அமிலத்தின் அளவு மாறுகிறது.

புளியின் சதையில் டார்டாரிக் அமிலம் ஏறக்குறைய 8 முதல் 18 விழுக்காடு வரை இருக்கிறது. திராட்சையில் அது பெரும்பாலும் 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இதைப் படித்துவிட்டு, தரையில் சிந்திய ஒரு சொட்டு ரசத்தை நாய் நக்கியதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. எலுமிச்சை அளவுப் புளி ஒரு பாத்திரம் ரசத்தில் கரைந்து பரவியிருக்கிறது. பயப்பட வேண்டியது செறிவாக இருக்கும் இடங்களில்: புளிப் பானை, கரைத்து வடிகட்டிய புளிச் சக்கை, புளியோதரைக்குக் காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல், புளி மிட்டாய், தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழம். புளி குத்தி விதையெடுக்கும் நாட்களில் நாய்க்குட்டியைக் கட்டி வையுங்கள். இனிப்புப் புளியை அவை விரும்பித் தின்னும். வற்றல் குழம்பும் புளிக்குழம்பும் ஊற்றிய சோற்றை எப்போதுமே வைக்காதீர்கள், அதில் புளியோடு வெங்காயமும் பூண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எலும்பு இல்லாமல் நாயா? கோழி எலும்பும் ஆட்டு எலும்பும் போடக் கூடாதா?

வெந்த எலும்பைப் போடக் கூடாது. பச்சை எலும்புக்கு ஒரு வளையும் தன்மை உண்டு; குக்கரில் நான்கு விசில் வந்த எலும்பு அதை இழந்து, கடித்தால் ஊசிபோலப் பிளக்கிறது. கோழியின் கால் எலும்பு இதில் மிக மோசம். அந்தச் சில்லு தொண்டையில் தைக்கலாம், குடலில் துளையிடலாம், துளையிடாவிட்டாலும் பொடியாகி மலக்குடலில் சிமெண்டுபோல இறுகி, நாய் முக்கி முக்கி இரத்தம் வடிய நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தின்றதற்குத் திங்களும் செவ்வாயும் வரிசையில் நிற்கும் நாய்களை எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

நல்லி எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறிக்கடையில் குறுக்காக வெட்டித் தரும் நல்லி, நடுவில் ஓட்டையுள்ள வளையமாக இருக்கும். நாய் அதற்குள் நாக்கை விட்டு நெம்பி நெம்பி நக்கும்போது, வளையம் கீழ்த்தாடையில் ஏறி, கோரைப் பற்களைத் தாண்டி மாட்டிக்கொள்கிறது. எங்கள் தெருவில் ஒரு லாப்ரடாருக்கு அப்படி நடந்தது. வாயை மூடவும் முடியாமல், முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு சுற்றியது. வீட்டார் எண்ணெய் போட்டு இழுத்ததில் தாடை வீங்கி, வளையம் இன்னும் இறுகிவிட்டது. கடைசியில் மயக்கம் கொடுத்து, சிறு வெட்டுக் கருவியால் அந்த எலும்பை அறுத்து எடுத்தார்கள். இப்படி மாட்டினால் இழுக்காதீர்கள், அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள்.

பச்சை எலும்பிலும் பல் உடைவது, கிருமி பரவுவது என்று சிக்கல்கள் உண்டு. அதனால் நான் அதையும் கொடுப்பதில்லை. கறியை எலும்பிலிருந்து பிய்த்துக் கொடுத்தால் நாய்க்குக் குறையொன்றும் இல்லை.

சாக்லேட் எவ்வளவு தின்றால் ஆபத்து?

கோகோவில் உள்ள தியோபுரோமினும் காஃபீனும்தான் நஞ்சு. மனித உடல் தியோபுரோமினை வேகமாகக் கழித்துவிடுகிறது. நாயின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, தவிப்பு தொடங்கும். 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரும்.

இதைச் சமையலறைக் கணக்காக்கினால் இப்படி: 10 கிலோ நாய்க்குத் தொந்தரவு தொடங்க பால் சாக்லேட் என்றால் ஏறக்குறைய 100 கிராம் வேண்டும், கறுப்புச் சாக்லேட் என்றால் 40 கிராமே போதும், கேக்குக்குப் போடும் கோகோப் பொடி என்றால் 7 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி. குழந்தை கையிலிருந்து விழுந்த ஒரு சிறு துண்டுப் பால் சாக்லேட்டைப் பெரிய நாய் விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிறந்தநாள் கேக்கின் கறுப்புப் பூச்சை அது தட்டோடு தின்றிருந்தால் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை இல்லாத மிட்டாயும் சூயிங்கமும் நல்லதுதானே?

நாய்க்கு இவை சாக்லேட்டைவிடப் பயங்கரமானவை. சர்க்கரை இல்லாத சூயிங்கம், வாய்மணப் பொருட்கள், சில பற்பசைகள், சில நிலக்கடலை வெண்ணெய்கள் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்கப்படுகிறது. உறையில் ஈ 967 என்றும் இருக்கலாம். மனிதருக்கு அது இன்சுலினைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடுகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து, நாய் தள்ளாடி விழுந்து வலிப்பு காணலாம். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராமே இதற்குப் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் கெடும். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்து சர்க்கரை இல்லாத பண்டங்கள் வாங்கினால், அவற்றை நாய்க்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

பால், தயிர்ச் சோறு?

வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பதில்லை. வயிற்றோட்டம் வரும், அவ்வளவுதான், நஞ்சு அல்ல. தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பெரும்பாலான நாய்கள் அதைத் தாங்கும். உப்பும் தாளிப்பும் ஊறுகாயும் சேராத தயிர்ச் சோறு நம் கோடைக்கு நல்ல உணவே. தாய்ப்பால் கிடைக்காத அநாதைக் குட்டிக்குப் பசும்பாலை மட்டும் நம்பாமல், நாய்க்குட்டிகளுக்கான பால் மாவைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

தீபாவளிப் பலகாரம், கறிக்கொழுப்பு?

எண்ணெயும் நெய்யும் கொழுப்பும் திடீரென்று நிறையப் போனால் நாயின் கணையம் அழற்சி கண்டு வீங்கும். விடாமல் வாந்தி எடுக்கும், வயிறு வலிக்கும். முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். விளையாடக் கூப்பிடுகிறது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். வாந்தியோடு சேர்ந்து அப்படி நின்றால் அது வலி. பண்டிகைக்கு அடுத்த நாள் இந்தக் காட்சி சாதாரணம். விருந்தாளிகள் ஆளுக்கொரு முறுக்காகப் போடும்போது மொத்தம் எத்தனை என்று யாருக்கும் தெரிவதில்லை. அன்று மட்டும் நாயை உள்ளறையில் விடுவது அதற்குத் தண்டனை ஆகாது.

கருவாடு, அப்பளம், ஊறுகாய்?

மூன்றிலும் உப்பு அதிகம். ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 3 கிராம் உப்பு தொந்தரவைத் தொடங்கும், 4 கிராம் உயிரைப் பறிக்கலாம். ஒரு துண்டு அப்பளம் கொல்லாது; காயப்போட்ட கருவாட்டுத் தட்டைக் காலி செய்த நாய்க்கு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாம்பழம் கொடுக்கலாமா?

சதையைக் கொடுக்கலாம், கொட்டையைக் கொடுக்கக் கூடாது. சப்பிய மாங்கொட்டை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்க் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைதான் வழி. நடுத்தர நாய்க்கு மாங்கொட்டை மிகச் சரியாக அடைக்கும் அளவு. கடற்கரையில் சுட்ட சோளக்கதிரின் தக்கையும் அதே வேலையைச் செய்கிறது. அது செரிப்பதே இல்லை, ஊடுகதிர்ப் படத்திலும் தெளிவாகத் தெரியாமல் மருத்துவரை அலைக்கழிக்கும்.

வெண்ணெய்ப்பழமும் (அவகாடோ) மெக்கடேமியாவும்?

வெண்ணெய்ப்பழச் சதையை நாய்கள் ஓரளவு தாங்கும். அதன் கொட்டைதான் தொல்லை. மெக்கடேமியா பின்னங்கால்களைத் தள்ளாடவைக்கும், ஓரிரு நாளில் சரியாகும். பரிசுப் பெட்டிகளிலும் வெளிநாட்டிலிருந்து வருபவர் பைகளிலும் இப்போது அது வருகிறது. உப்பில்லாத முந்திரி ஒன்றிரண்டு நஞ்சல்ல.

வெற்றிலைப் பெட்டியையும் காப்பித்தூளையும் கலைத்துவிட்டது. என்ன ஆகும்?

பாக்கில் உள்ள அரிக்கோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்றவே மருந்தாகக் கொடுக்கப்பட்டது. எச்சில் ஒழுகவைத்து, வயிற்றைக் கலக்கிக் கழியவைக்கும். அதைவிட, பெட்டியில் இருக்கும் புகையிலை கொடியது. நிகோட்டின் மிக விரைவாக நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். காப்பித்தூளும் தேயிலைத்தூளும் சாக்லேட்டைப் போலவே இதயத்தைத் தாக்கும், பில்டரில் பிழிந்த சக்கையும் அப்படியே. மது ஒரு சொட்டும் ஆகாது. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு வயிற்றுக்குள்ளேயே பொங்கி, அங்கேயே சாராயமும் ஆகிறது. பூஜையறைக் கற்பூரத்தையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வலிப்பை வரவழைக்கும்.

பூசணம் பூத்த ரொட்டி, ஊசிப்போன சோறு, நாயின் வயிறு தாங்காதா?

தாங்காது. பூசணங்களில் சில உண்டாக்கும் நஞ்சு நாயை உடல் முழுதும் நடுங்கவைத்து, காய்ச்சலேற்றி, வலிப்பில் கொண்டுபோய் விடுகிறது. பூசணம் பிடித்த வேர்க்கடலையிலும் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தின்கிறது. நாய்கள் அதற்கு மிகவும் எளிதில் ஆட்படுபவை. நீங்கள் முகர்ந்து பார்த்துக் குப்பையில் போட்டதை நாய்க்கு வைக்காதீர்கள், குப்பைக் கூடைக்கு மூடியும் போடுங்கள்.

தின்றுவிட்டது என்று தெரிந்ததும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாமா?

இதைப் படிப்பவர்கள் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 10 கிலோ நாய்க்கு 40 கிராம் உப்பு உயிருக்கே ஆபத்து; மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றினால் அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். வாந்தி வராவிட்டால், தின்ற நஞ்சோடு நாம் கொடுத்த நஞ்சும் சேர்ந்துகொள்கிறது. விரலை விட்டுக் குடைவதும், வேப்பிலைச் சாற்றையோ எண்ணெயையோ பலவந்தமாக ஊற்றுவதும் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். எலும்புச் சில்லு உள்ளே போயிருந்தால் வாந்தி இன்னும் மோசம், இறங்கும்போது கிழிக்காதது ஏறும்போது கிழித்துவிடும். வாந்தி எடுக்கவைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், அவரிடம் அதற்கான ஊசி இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, வாயில் மீதி இருப்பதை எடுத்துவிட்டு, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு, பொருளின் உறையோடு கிளம்புவது. வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு பையில் கொண்டுபோங்கள், அருவருப்பு வேண்டாம். போகும் வழியில் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை ஆபத்து வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

காய்ச்சலாக இருக்கிறதே, சோற்றில் அரை மாத்திரை பாராசிட்டமால் வைத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. அது கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

அப்படியானால் என்னதான் வைப்பது?

வடித்த சோறு, எலும்பு நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி அல்லது மீன், வெந்த முட்டை, கேரட், பீன்ஸ், மஞ்சள் பூசணி, வெள்ளரி, விதை நீக்கிய தர்பூசணி, வாழைப்பழம். சட்னி தொடாத இட்லி கொடுக்கலாம். புளித்துக்கொண்டிருக்கும் பச்சை மாவு வேண்டாம். இவற்றை மட்டும் வைத்து நாயின் முழு ஊட்டத்தையும் ஈடுகட்ட முடியாது, கால்சியம் போன்றவை குறையும். வீட்டு உணவே வைப்பவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குழம்பு தாளிக்கும் முன்பே, பருப்பு வெந்ததும் ஒரு கரண்டியை நாய்க்கென்று எடுத்து வைத்துவிடுவோம். தனிச் சமையல் என்று அலுத்துக்கொள்ளத் தேவையில்லாமல் போய்விட்டது.

தெருநாய்களுக்கு மீந்ததை வைக்கிறேன். அவற்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், உடலுக்குள் வேறுபாடு எதுவும் இல்லை. பட்டினிக்கும் ஒரு கரண்டிச் சாம்பாருக்கும் இடையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்று சிலர் எழுதிக் கேட்கிறார்கள். வெறுஞ்சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்தால் அந்த முடிவே தேவைப்படாது, செலவும் கூடாது. விசேஷ வீட்டு எச்சில் இலைகள்தான் மோசம்: அவற்றில் பாயசத் திராட்சை, வெங்காயப் பச்சடி, எலும்பு, பல்குத்தும் குச்சி எல்லாம் ஒரே மடிப்பில் இருக்கின்றன. மண்டபத்தில் பந்தி நடத்துகிறவர்களிடம் எலும்பையும் இலையையும் மூடியுள்ள தொட்டியில் போடச் சொல்லுங்கள். பரிமாறாமல் மீந்த வெறுஞ்சோற்றை ஒரு வாளியில் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். வைத்த இடத்தில் ஒரு சட்டித் தண்ணீரும் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் போய் மீதியை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அதற்குமேல் சோறு நிற்காது.